எந்த மலையில பனி அதிகம்? முதல்ல ஸ்கேலைக் காட்டுங்க!

903 இன்ச்.

அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் இருக்கும் ஆல்ட்டா ஸ்கீ ரிசார்ட், 2022-23 சீசனில் தன் மலையில் விழுந்த பனியின் மொத்தம் என்று அறிவித்த எண் இது. மீட்டருக்கு மாற்றினால் கிட்டத்தட்ட 23. ஏழு மாடிக் கட்டடத்தின் உயரம்! அதே பள்ளத்தாக்கில் ஒட்டினாற்போல இருக்கும் ஸ்னோபேர்ட் ரிசார்ட் சொன்னது 838 இன்ச். கலிஃபோர்னியாவில் பாலிசேட்ஸ் டாஹோ 723, மாமத் மலை 715.

ஒவ்வொரு குளிர்காலமும் முடியும்போது இப்படி ஒரு ரேங்க் லிஸ்ட் வரும். யார் முதல், யார் இரண்டாவது, யார் ரெக்கார்டை உடைத்தது என்று. இதைப் பார்த்துத்தான் பலர் அடுத்த வருஷத்துக்கு சீசன் பாஸ் எடுக்கிறார்கள், விமான டிக்கெட் போடுகிறார்கள், குடும்பத்தோடு ஒரு வார லீவை எந்த மலையில் கழிப்பது என்று முடிவு செய்கிறார்கள். சின்னக் காசு இல்லை அது.

"பனி விழாத ஊர்ல உட்கார்ந்துக்கிட்டு நமக்கெதுக்குப்பா இது?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. ஆனால் இது பனியைப் பற்றிய விவகாரம் மட்டும் இல்லை. ஒரு எண்ணை எப்போது நம்பலாம் என்பதைப் பற்றியது. மெஷர்மெண்ட்ஸ் பேப்பர் எழுதி அரியர் வைத்தவர்கள், வைக்காதவர்கள் எல்லோருக்கும் இதில் பங்கு உண்டு.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எங்கே, எத்தனை முறை, எந்தத் தேதியில் தொடங்கி, யார் அளந்தார்கள் என்ற விவரம் இல்லாமல் வரும் சீசன் மொத்தம் ஒரு அளவீடே இல்லை. அது விளம்பரம். இரண்டு விளம்பரங்களை ஒப்பிட்டு எது பெரிய மலை என்று தீர்ப்பு சொல்வது வீண் வேலை.

தலை தட்டிய படியா, குவித்த படியா?

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். 903 இன்ச் என்றால் ஆல்ட்டாவில் ஒரே நேரத்தில் 23 மீட்டர் பனி நின்றது என்று அர்த்தம் இல்லை. தினமும் புதிதாக விழுந்ததைத் தனித்தனியாக அளந்து, சீசன் முழுக்கக் கூட்டிய தொகை அது. தரையில் நிற்கும் பனியின் ஆழம் வேறு. அது உருகும், அமுங்கும், காற்றில் அடித்துப் போகும். நம்ம பாஷையில் சொன்னால், மொத்தம் என்பது வரவை மட்டும் எழுதிய கணக்கு. ஆழம் என்பது செலவு போக மீதி.

வரவை எழுதுவதிலும் சிக்கல் இருக்கிறது. அரிசியைப் படியில் அளக்கும்போது தலை தட்டி அளந்தால் ஒரு கணக்கு, குவித்து அளந்தால் ஒரு கணக்கு. பனியும் அப்படித்தான். விழுந்த உடனே பஞ்சு மாதிரி இருக்கும். மேலே இன்னும் விழ விழ, தன் எடையிலேயே அமுங்கும்.

அளக்கும் முறை எளிமையானது. வெள்ளை பெயின்ட் அடித்த ஒரு பலகையைத் திறந்தவெளியில் வைப்பார்கள். மேலே சேர்ந்த பனியை ஸ்கேலால் அளப்பார்கள். அப்புறம் பலகையைத் துடைத்துவிட்டு மறுபடி வைப்பார்கள். கேள்வி என்னவென்றால், எத்தனை மணி நேரத்துக்கு ஒருமுறை துடைக்கிறீர்கள்?

ஒரு உதாரணம் வச்சுக்கோங்க. ஒரு நாள் முழுக்கப் பனி கொட்டுகிறது. ஒருவர் 6 மணிக்கு ஒருமுறை அளந்து துடைக்கிறார். நான்கு முறையும் 6 இன்ச். மொத்தம் 24. பக்கத்து மலைக்காரர் 24 மணி நேரம் கழித்து ஒரே ஒரு முறை அளக்கிறார். அதற்குள் அடியில் இருந்தது அமுங்கிப் போனதால் அவருக்குக் கிடைப்பது 20 தான். வானம் இரண்டு பேருக்கும் சமமாகத்தான் கொடுத்தது. சாம்பிளிங் ரேட் மாறியதால் ஒருவர் 20 சதவீதம் பணக்காரர் ஆகிவிட்டார்! இது நான் போட்ட உதாரணக் கணக்கு. ஆனால் இதே காரணத்தால் ஒரு நிஜமான ரெக்கார்டே கவிழ்ந்திருக்கிறது.

1997 ஜனவரி. நியூயார்க் மாநிலத்தின் டக் ஹில் பகுதியில் மான்டேகு என்ற சின்ன ஊர். 24 மணி நேரத்தில் 77 இன்ச் பனி விழுந்ததாகப் பதிவானது. அமெரிக்காவின் 24 மணி நேர ரெக்கார்டே உடைந்துவிட்டது என்று பேச்சு. விசாரிக்க நிபுணர் குழு உட்கார்ந்தது. பார்த்தால், அந்த 77 இன்ச் ஆறு அளவீடுகளின் கூட்டல். அப்போதைய தேசிய வானிலை சேவை விதிப்படி 6 மணிக்கு ஒருமுறை, அதாவது ஒரு நாளைக்கு அதிகபட்சம் 4 முறைதான் அளந்து கூட்டலாம். அளந்தவர் ஏமாற்றினார் என்று யாரும் சொல்லவில்லை. ஆனாலும் ரெக்கார்ட் நிராகரிக்கப்பட்டது. 1921-ல் கொலராடோவின் சில்வர் லேக்கில் பதிவான சுமார் 76 இன்ச்தான் இடத்தைத் தக்கவைத்தது.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. சில்வர் லேக் எண்ணே நேரடியாக 24 மணி நேரத்துக்கு அளந்தது இல்லை. 27.5 மணி நேரத்தில் விழுந்த 87 இன்ச்சை 24 மணி நேரத்துக்கு விகிதம் போட்டு எடுத்தது. ரெக்கார்ட் புத்தகத்துக்குள்ளேயே இவ்வளவு கதை என்றால், யாரும் விசாரிக்காத ரிசார்ட் எண்களுக்குள் என்னென்ன இருக்கும்!

இப்போது ஆல்ட்டாவையும் ஸ்னோபேர்டையும் மறுபடி பாருங்கள். வித்தியாசம் 65 இன்ச். சுமார் 7 சதவீதம். இந்த அளவு வித்தியாசம் அளக்கும் முறையால் மட்டுமே வரமுடியும். ஆல்ட்டாவில் நிஜமாகவே அதிகம் விழுந்திருக்கலாம். ஆனால் அந்த இரண்டு எண்களை மட்டும் வைத்து அதை நிரூபிக்க முடியாது.

ஒரே மலை, இரண்டு எண்

அடுத்த கேள்வி, ஸ்கேலை எங்கே நட்டீர்கள்?

மாமத் மலை 2022-23-ல் 715 இன்ச் என்று சொன்னேன் இல்லையா? அது அடிவாரப் பக்கம் இருக்கும் மெயின் லாட்ஜில் அளந்தது. அதே மலை, அதே சீசன், உச்சியில் 880 இன்ச்சுக்கு மேல். இரண்டுமே பொய் இல்லை. மேலே போகப் போகக் குளிர் அதிகம். அடிவாரத்தில் மழையாக விழுவது உச்சியில் பனியாக விழும். ஆனால் ரேங்க் லிஸ்டில் எந்த எண்ணைப் போடுவது? 715 போட்டால் பாலிசேட்ஸுக்குக் கீழே. 880 போட்டால் ஸ்னோபேர்டுக்கு மேலே. மலை அசையவில்லை, ரேங்க் மட்டும் ஏறி இறங்குகிறது.

காற்றும் விளையாடும். திறந்த முகட்டில் பலகையை வைத்தால் பனி பறந்துவிடும். பாறைக்குப் பின்னால் வைத்தால் பறந்து வந்ததெல்லாம் அங்கே குவியும். அதனால்தான் காற்று அதிகம் படாத, மரங்கள் சூழ்ந்த வெட்டவெளியைத் தேடி அளவிடும் இடத்தை அமைப்பார்கள். ஒரே மலையில் 50 மீட்டர் தள்ளி வைத்தாலே வேறு எண் வரலாம்.

இதோடு காலண்டர் பிரச்சினையும் சேர்ந்துகொள்ளும். வாஷிங்டன் மாநிலத்தின் மவுன்ட் பேக்கர் ஸ்கீ ஏரியா 1998-99-ல் 1,140 இன்ச் பதிவு செய்தது. ஒரு சீசன் பனிப்பொழிவில் அங்கீகரிக்கப்பட்ட உலக ரெக்கார்ட் அதுதான். அந்தக் கணக்கு ஜூலை 1 முதல் ஜூன் 30 வரை. சில இடங்களில் அக்டோபரில் எண்ண ஆரம்பிப்பார்கள். சிலர் நவம்பர் முதல் ஏப்ரல் வரை மட்டும். சிலர் லிஃப்ட் ஓடும் நாட்களை மட்டும். இவை எல்லாவற்றையும் ஒரே பட்டியலில் வரிசையாக எழுதினால் அது எப்படி ஒப்பீடு ஆகும்?

நாடு விட்டு நாடு போனால் இன்னும் சிக்கல். ஆல்ப்ஸ் மலை ரிசார்ட்டுகள் பெரும்பாலும் மொத்தத்தைவிட, அடிவாரத்திலும் உச்சியிலும் இப்போது நிற்கும் ஆழத்தைத்தான் முன்னால் வைக்கும். ஜப்பானில் வானிலைத் துறையின் தானியங்கிக் கருவி மணிக்கு ஒருமுறை ஆழத்தைப் பார்த்து, கூடியதை மட்டும் கூட்டிக்கொண்டே போகும். அமெரிக்காவில் பலகையும் ஸ்கேலும். "நிசேகோ பெரிசா, ஆல்ட்டா பெரிசா" என்று சண்டை போடுகிறவர்கள் மூன்று வேறு கருவிகளின் ரீடிங்கை ஒரே கிராஃபில் வரைகிறார்கள்.

இன்ச்சுக்கு இன்ச் சமம் இல்லை

சரி, எல்லோரும் ஒரே மாதிரி அளந்துவிட்டார்கள் என்றே வைத்துக்கொள்வோம். அப்பவும் 100 இன்ச்சும் 100 இன்ச்சும் சமம் இல்லை. காரணம் அடர்த்தி.

பசிபிக் கடலுக்குப் பக்கத்தில் இருக்கும் சியரா நெவாடாவில் விழும் புதுப் பனியில் சராசரியாகச் சுமார் 12 சதவீதம் தண்ணீர். உள்நாட்டில் இருக்கும் ஆல்ட்டாவில் அது 8 சதவீதத்தைக் கொஞ்சம் தாண்டும். அப்படியானால் சியராவின் 100 இன்ச் பனியை உருக்கினால் 12 இன்ச் தண்ணீர். ஆல்ட்டாவின் 100 இன்ச்சை உருக்கினால் எட்டு, எட்டரை. ஸ்கீ விளையாடுபவருக்கு அந்த லேசான பனிதான் சொர்க்கம். அணைக்குப் பொறுப்பான இன்ஜினியருக்கோ கனமான பனிதான் வரம். ஒருவருக்கு முதலிடம் பிடிக்கும் மலை, இன்னொருவருக்கு இரண்டாமிடம்.

இங்கேதான் எனக்கு மிகவும் பிடித்த ஒரு கருவி வருகிறது. அமெரிக்க வேளாண் துறை மேற்கு மாநில மலைகளில் நூற்றுக்கணக்கான தானியங்கி நிலையங்களை வைத்திருக்கிறது. ஸ்னோடெல் என்று பெயர். அங்கே தரையில் ஒரு பெரிய தட்டையான பை. உள்ளே உறையாத திரவம். மேலே பனி சேரச் சேர, எடை அழுத்தும். அந்த அழுத்தத்தை சென்சார் படித்து, "இந்தப் பனியில் இவ்வளவு தண்ணீர் இருக்கு" என்று அனுப்பும். ஸ்னோ பில்லோ என்று செல்லப் பெயர். பனி அமுங்கினாலும் எடை மாறாது. துடைக்கத் தேவையில்லை. விடுமுறை எடுக்காது. முக்கியமாக, அதற்கு லிஃப்ட் டிக்கெட் விற்கும் வேலை இல்லை!

மேகத்துக்கு வீக்கெண்ட் தெரியுமா?

கடைசி வரிதான் விஷயத்தின் மையம். இதுவரை சொன்னதெல்லாம் நேர்மையாக அளந்தாலும் வரும் பிழைகள். கடைக்காரரே தராசையும் வைத்திருந்தால் என்ன ஆகும்?

டார்ட்மவுத் கல்லூரியின் பொருளாதார அறிஞர்கள் ஜொனாதன் ஜின்மன், எரிக் ஜிட்ஸ்விட்ஸ் இருவரும் இதைத்தான் தோண்டினார்கள். 2009-ல் ஆய்வறிக்கையாக வந்தது, 2016-ல் ஆய்விதழில் வெளியானது. அவர்கள் கேட்ட கேள்வி குழந்தை கேட்பது போல எளிமையானது: வார நாட்களைவிட வார இறுதியில் பனி அதிகம் விழுமா?

மேகத்துக்கு காலண்டர் தெரியாது. சனிக்கிழமை என்று பார்த்துப் பனி பொழியாது. அரசு வானிலை நிலையங்களின் டேட்டாவில் அப்படி எந்த வித்தியாசமும் இல்லை. ஆனால் ரிசார்ட்டுகள் தாங்களே அறிவித்த எண்களில்? வார இறுதியில் 23 சதவீதம் அதிகம்! கூட்டம் வரும் நாளில் பனியும் கூடிவிடுகிறது.

எல்லா ரிசார்ட்டும் ஒரே அளவுக்கு ஊதவில்லை. ஊதினால் யாருக்கு லாபம் அதிகமோ அவர்களிடம்தான் இது அதிகம் தெரிந்தது. அடுத்த கண்டுபிடிப்பு இன்னும் சுவாரசியம். 2009 வாக்கில் ஒரு ஐபோன் ஆப்பில், மலையில் நிற்பவர்களே "இங்க உண்மையில எவ்வளவு பனி இருக்கு" என்று உடனுக்குடன் எழுதும் வசதி வந்தது. உடனே மிகைப்படுத்தல் சடாரெனக் குறைந்தது. அதுவும் ஐபோன் சிக்னல் நன்றாகக் கிடைத்த மலைகளில்தான் அதிகம் குறைந்தது. புதுச் சட்டம் வரவில்லை, அபராதம் வரவில்லை. பார்க்கிறார்கள் என்று தெரிந்ததும் ஸ்கேல் நேராகிவிட்டது.

இந்த ஆய்வை வைத்து "எல்லாரும் திருடனுங்க" என்று சொல்ல நான் தயாரில்லை. அதுவும் சோம்பேறித்தனம்தான். 2022-23-ல் யூட்டா முழுக்கப் பனியில் இருந்த தண்ணீரின் அளவு 30 இன்ச்சைத் தொட்டு, 1983-ன் ரெக்கார்டைத் தாண்டியது. அதைச் சொன்னது எடை பார்க்கும் அரசு நிலையங்கள். ஆல்ட்டாவின் 903-ஐ நம்ப எனக்குக் காரணம் இருக்கிறது என்றால் அது இதுதான். கலிஃபோர்னியாவிலும் அப்படியே. டானர் கணவாய்க்கு அருகில் பெர்க்லி பல்கலைக்கழகத்தின் பனி ஆய்வகம் 1946-லிருந்து அளந்து வருகிறது. அந்த சீசனில் அவர்கள் கண்டது 754 இன்ச். 1951-52-ன் 812-க்கு அடுத்த இடம். டிக்கெட் விற்காத ஒருவர் 754 என்று சொல்லும்போது, பக்கத்தில் இருக்கும் பாலிசேட்ஸ் 723 என்று சொல்வதை நம்பலாம். நம்பிக்கை என்பது எண்ணின் பெரிசு சிறுசில் இல்லை, இரண்டாவது சாட்சியில் இருக்கிறது. மவுன்ட் பேக்கரின் 1,140-ஐ உலகம் ஏற்றுக்கொண்டதும் ரிசார்ட் சொன்னதால் இல்லை. நிபுணர் குழு அளவிட்ட முறையைச் சோதித்து ஒப்புதல் கொடுத்ததால்.

"விளையாட்டு விஷயத்துக்கு இவ்வளவா?"

ஸ்கீ ஒரு பொழுதுபோக்கு, நாலு இன்ச் கூடச் சொன்னால் என்ன குடி முழுகிவிடும் என்று சிலர் கேட்கலாம். மூன்று பதில் இருக்கிறது.

ஒன்று, காசு. லிஃப்ட் டிக்கெட்டும் தங்குமிடமும் முன்கூட்டியே கட்டவேண்டிய செலவு. தவறான எண்ணால் ஏமாந்தவருக்கு அந்த வாரம் திரும்பக் கிடைக்காது.

இரண்டு, உயிர். கொஞ்ச நேரத்தில் எவ்வளவு புதுப் பனி விழுந்தது என்பது பனிச்சரிவு ஆபத்தைக் கணிக்க உதவும் முக்கியமான தகவல். அந்த எண்ணை விளம்பரப் பிரிவு தொடக்கூடாது.

மூன்று, எதிர்காலம். கலிஃபோர்னியாவின் சியரா மலைகளில் 2015 ஏப்ரல் 1 அன்று பனியின் நீர் அளவு சராசரியில் 5 சதவீதம். 2023 ஏப்ரலில் அதே மலைகளில் சராசரியைப் போல 2 மடங்குக்கும் மேல். இப்படி ஆடும் இடத்தில் "எங்கள் சராசரி இவ்வளவு" என்று சொல்வதற்கே அர்த்தம் குறைவு. எந்த வருஷங்களின் சராசரி என்றாவது சொல்ல வேண்டாமா? பருவநிலை மாறும்போது பனி குறைகிறதா, மழையாக மாறுகிறதா என்று கண்டுபிடிக்கப் பல பத்தாண்டு டேட்டா வேண்டும். நடுவில் ஒரு வருஷம் பலகையை இருநூறு மீட்டர் மேலே மாற்றிவிட்டு, யாருக்கும் சொல்லாமல் கூட்டிக்கொண்டே போனால், இல்லாத பனியை நம் பேரப்பிள்ளைகள் கிராஃபில் பார்ப்பார்கள்.

என்ன செய்யலாம்?

பெரிய செலவு எதுவும் இல்லை. ஒவ்வொரு ரிசார்ட்டும் மொத்தத்துக்குப் பக்கத்திலேயே ஐந்து விஷயங்களைப் போடட்டும்:

1. அளந்த இடமும் அதன் உயரமும்.
2. ஒரு நாளைக்கு எத்தனை முறை பலகையைத் துடைக்கிறார்கள்.
3. கணக்கு தொடங்கும், முடியும் தேதி.
4. பனியில் இருந்த தண்ணீரின் அளவு.
5. ஒவ்வொரு நாளின் ரீடிங், முடிந்தால் ஸ்கேலைக் காட்டும் கேமரா.

ஐந்தாவதைப் பல ரிசார்ட்டுகள் ஏற்கனவே செய்கின்றன. அளவுகோலுக்கு எதிரே ஒரு கேமராவை வைத்து, யார் வேண்டுமானாலும் பார்க்கலாம் என்று விட்டிருக்கிறார்கள். செய்யாதவர்களிடம் ஏன் செய்யவில்லை என்று கேட்க வேண்டியது வாடிக்கையாளர்கள்தான்.

ரேங்க் லிஸ்ட் போடுபவர்களுக்கும் ஒன்று. 723-க்கும் 715-க்கும் நடுவில் இருக்கும் 8 இன்ச்சை வைத்து முன்னே பின்னே என்று வரிசை போடாதீர்கள். பிழை எல்லைக்குள் இருக்கும் இரண்டு எண்களுக்கு நடுவில் வெற்றி தோல்வி கிடையாது. லேபில் இப்படி ஒரு ரெக்கார்ட் நோட்டைக் கொடுத்தால் கையெழுத்து விழாது என்பது நமக்குத் தெரியும்.

பனியே விழாத ஊரில் இருக்கும் நாமும் இந்தக் கேள்விகளைக் கையில் வைத்துக்கொள்ளலாம். அட்மிஷன் நேரத்தில் காலேஜ் பிரோஷர்களில் வரும் "ஹையஸ்ட் பேக்கேஜ்" மலை உச்சியில் அளந்த பனிதான். பெரும்பாலானவர்கள் நிற்பது மெயின் லாட்ஜில். அங்கே எவ்வளவு, எத்தனை பேரில், யார் எண்ணியது என்று கேட்டால் யாரும் கோபப்படக்கூடாது. கோபப்பட்டால் அதுவே ஒரு ரீடிங்.